மாணவர்க்குத் தங்குமிடம் தேர்தல்

(பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று யான் பேசப் புகும் விஷயம் சிலர்க்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். கல்வி, தொழில், சமூக முன்னேற்றம் என்னும் பெரும்பொருள்கள் பல இருக்க, பிள்ளைகள் இரண்டு மூன்று மாதம் தங்குதற்கு ஓர் அறை பார்ப்பதைப் பற்றியும் ஒரு சொற்பொழிவு வேண்டுமோ என்று வினவுவாரும் உளர். வேண்டும் என்பதே என் துணிபு. ஒரு காணி நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்க்கிறோம். ஒரு ஜோடி மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம். ஆனால் இருபது வயதுப் பிள்ளையை முன்பின் அறியாத நகரத்துக்கு அனுப்பும்போது மட்டும், "இரண்டு மாதந்தானே, எங்கேயாவது தங்கிக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிடுகிறோம். இந்த "இரண்டு மாதந்தானே" என்னும் சொல்லையே இன்று தங்கள் முன் ஆராய விரும்புகிறேன்.

முன்னாளில் நம் பகுதிப் பிள்ளைகள் மேற்படிப்புக்கென்று திருச்சிராப்பள்ளிக்கோ சென்னைக்கோ சென்றால், மூன்று நான்கு ஆண்டுகள் கல்லூரி விடுதியிலேயே உண்டு உறங்கிப் படித்து மீண்டனர். இக்காலத்து நிலை வேறு. பொறியியலாயினும், பாலிடெக்னிக் படிப்பாயினும், மருந்தியலாயினும், சட்டமாயினும், கணக்கியலாயினும், ஓர் ஆலையிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ சில வாரங்கள் அல்லது சில மாதங்கள் பயிற்சி பெற்றே தீரவேண்டும் என்றாகிவிட்டது. கல்லூரி ஓரிடத்தில், பயிற்சி வேறோரிடத்தில். கல்லூரி விடுதி பிள்ளையின் பின்னே நடந்து வருவதில்லை. வருவாயோ சொற்பம். மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரதம மந்திரி பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, பயிற்சி பெறும் இளைஞர்க்கு மாதம் 5,000 ரூபாயும், தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாயும் உதவித் தொகையாகக் குறிக்கப்பட்டன. பெருநகரம் ஒன்றில் உறையுளும் உணவும் பிரயாணமும் இத்தொகைக்குள் அடங்கவேண்டுமெனின், அறை பார்ப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதைத் தாங்களே உணர்வீர்கள்.

இஃதன்றி மற்றொன்றும் உண்டு. நம் ஊர்கள் இன்று பிள்ளைகளை அனுப்பும் ஊர்களாக மட்டும் இல்லை, ஏற்கும் ஊர்களாகவும் ஆகியுள்ளன. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பெற்றது. தளவாய், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர் முதலிய இடங்களில் சிமெண்ட் ஆலைகள் உள்ளன. நாரணமங்கலத்தில் டயர் ஆலையும், எறையூரில் 2022 நவம்பரில் தொடங்கிய சிப்காட் தொழிற்பூங்காவும் உள்ளன. காரையின் களிமண் மேடுகளையும் வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகத்தையும் காணப் புவியியல் மாணவர் பல மாநிலங்களினின்றும் வருகின்றனர். ஆதலால் இந்த அவையில் வாடகைக்குப் போகும் பிள்ளையின் தந்தையும் உள்ளார், வாடகைக்கு விடும் வீட்டுக்காரரும் உள்ளார். இருவர்க்கும் சேர்த்தே பேசுகின்றேன்.

முதலில் அடிப்படையான ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குறுகிய காலக் குடியிருப்புக்குக் கவனம் குறைவாகப் போதும் என்பது தவறு; நெடுங்காலக் குடியிருப்பினும் மிகுந்த கவனம் அதற்கே வேண்டும். எங்ஙனமெனின், ஆண்டுக் கணக்கில் குடியிருப்பவர் முதல் மாதத்தில் தண்ணீர்க் குறை கண்டால், இரண்டாம் மாதத்தில் வேறு வீடு பார்த்து, எஞ்சிய பத்து மாதங்களை நிம்மதியாகக் கழிக்கலாம். அறுபது நாட்குடியின் கதை அவ்வாறன்று. குறையை அறியப் பத்து நாள், முறையிட்டுக் காத்திருக்கப் பத்து நாள், மாற்றிடம் தேடப் பத்து நாள் என்று பாதிக் காலம் பாழாகும். இழப்பதும் வாடகைப் பணம் மட்டுமன்று. எந்தப் பயிற்சிக்காகச் சென்றார்களோ அதையே இழக்கின்றனர். திருத்திக்கொள்ள அவகாசம் இல்லாத காரியத்தை முன்னரே திருத்தமாகச் செய்யவேண்டும். இதுவே இன்றைய பேச்சின் சாரம்.

வழிச்செல்வோர்க்கும் கற்போர்க்கும் உறையுள் அளிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரால் அமைத்த சத்திரத்தில் அன்னதானத்தோடு கல்விக்கும் இடமிருந்தது. மயிலாப்பூரில் 1905ஆம் ஆண்டில் ஏழை மாணவர்க்கென இராமகிருஷ்ண மாணவர் இல்லம் தோன்றியது. பொது விடுதிகளும் பள்ளிகளும் வாயிலடைத்த மக்களின் பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். சமூகச் சங்கங்கள் பலவும் மாணவர் விடுதி அமைப்பதையே தம் முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டன. பின்னர்த் திருவல்லிக்கேணியில், கட்டிலும் மேசையும் இட்ட சிற்றறைகளை மாத வாடகைக்கு விடும் மேன்ஷன்கள் பெருகி, தென்மாவட்டத்து இளைஞர் பலர்க்குச் சென்னையின் முதல் முகவரியாயின. இன்று தட்டுமுட்டுச் சாமான்களுடன் மாதக் கணக்கில் விடப்படும் அறைகளும் வீடுகளும் அந்த வரிசையில் வந்தவையே. ஆயின் சத்திரத்தில் தருமம் காவலாக நின்றது. சங்க விடுதியில் தெரிந்த முகம் காவலாக நின்றது. இன்றைய அறைக்கு நம் விழிப்பே காவல்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலாவது, தொலைவு. காந்தியடிகள் லண்டனில் சட்டம் பயின்ற காலத்தில், செலவைக் குறைக்கக் கருதி, ஒரு குடும்பத்தாரோடு தங்கியிருந்ததை விட்டுத் தனியறை அமர்த்தினார். போகவேண்டிய இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்தே சென்று சேரக்கூடிய அறையாக அதைத் தேர்ந்ததாகத் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார். வண்டிச் சத்தம் மிஞ்சியது. நடையால் உடலும் உறுதிப்பட்டது. இந்த அளவுகோல் இன்றைக்கும் பொருந்தும். ஒரு கணக்குப் பார்ப்போம். பயிற்சியிடத்துக்கு அருகே ஓர் அறை 6,000 ரூபாய் என்றும், தொலைவில் ஓர் அறை 4,500 ரூபாய் என்றும் கொள்வோம். தொலைவிலிருந்து போகவர நாளொன்றுக்கு 60 ரூபாய் ஆனால், 26 வேலை நாட்களுக்கு 1,560 ரூபாய் ஆகும். மலிவென்று எண்ணிய அறை 60 ரூபாய் அதிகமாயிற்று! நாள்தோறும் மூன்று மணி நேரம் வழியில் கழிந்தால், இரண்டு மாதத்தில் 156 மணி நேரம் போயிற்று. இரவும் பகலுமாக ஆறு முழு நாட்களுக்கு மேல் பேருந்திலேயே குடியிருந்தது போலாகும். சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை என 2021ஆம் ஆண்டில் ஏற்பட்டமையால் பெண்மக்களுக்குப் பணம் மிஞ்சலாம்; பொழுது மிஞ்சாது.

இரண்டாவது, காவல். இதனைப் பேசும்போது துயரமான ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட வேண்டியுள்ளது. 2024 செப்டம்பர் 12ஆம் நாள் விடியற்காலையில், மதுரைக் கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் குளிர்பதனப் பெட்டியினின்றும் தீப்பற்றி, புகையிற் சிக்கி இரு பெண்கள் உயிரிழந்தனர். பணி செய்து பிழைக்க வந்தோர் அவர்கள். ஆதலின் அறைக்குள் நுழைந்தவுடன் கட்டிலையும் மெத்தையையும் பாராதீர்கள். வெளியேறும் வழியைப் பாருங்கள். மாடிப்படி ஒன்றா இரண்டா? இரவில் கீழ்க்கதவு பூட்டப்படின் சாவி யாரிடம்? சன்னற் கம்பிகள் திறப்பனவா? மின்கம்பிகள் வெளியே தொங்குகின்றனவா? தமிழ்நாட்டில் மகளிரும் சிறுவரும் தங்கும் விடுதிகளை நடத்துவோர் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறவேண்டும். அதைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவன்று. முறையாக நடத்துவோர் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பர். முகஞ்சுளிப்போரிடம் நம் பெண்ணை விட்டுவரலாகாது. மாநில அரசின் பணிபுரியும் மகளிர் விடுதிக் கழகம் நடத்தும் தோழி விடுதிகள் பெரம்பலூரிலும், திருச்சிராப்பள்ளி, சென்னை முதலிய ஊர்களிலும் உள்ளன. பெண்மக்களை அனுப்புவோர் தனியார் இடத்தை நாடுமுன் அங்கே இடம் உண்டா என்று விசாரித்தல் நலம்.

மூன்றாவது, நீரும் மின்சாரமும். காலை ஆறு மணிக்கு வருவோர் கண்ணுக்குத்தான் தண்ணீரின் உண்மை புலப்படும். மாலையில் அறை பார்ப்பவர்க்குக் குழாய் மட்டுமே தெரியும். அங்கே முன்பே தங்கியிருக்கும் ஒருவரைத் தனியே அழைத்து, "கோடையில் எப்படி?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். மின்சாரக் கணக்கோ நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. முதல் நூறு யூனிட்டுக்குக் கட்டணமில்லை. குறுகிய காலம் தங்குவோர்க்கு இதனால் ஒரு சிக்கல் நேர்கிறது. இவர் புறப்பட்ட பின்னரே பட்டியல் வரும். முன்னிருந்தவரது செலவும் இவர் தலையில் விழக்கூடும். ஆகவே புகும் நாளிலும் புறப்படும் நாளிலும் மீட்டரில் உள்ள எண்ணைக் கைப்பேசியிற் படம் பிடித்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிட வேண்டும். யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். அரியலூர்ப் பக்கம் வருவோர் பார்க்கவேண்டிய மற்றொன்று தூசி. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்து அறை வாடகைக்கு மலிவாயிருக்கும். இரவுத் தூக்கத்துக்கும் மூச்சுக்கும் விலை அதிகம்.

நான்காவது, சாமான்கள். கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, மின்விசிறி, அலமாரி, அடுப்பு என்று எவ்வளவோ காட்டுவர். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கலாகாது. மாணவர்க்கு இன்றியமையாதவை நான்கு: ஓடும் விசிறி, பூட்டும் அலமாரி, எழுதுதற்குரிய மேசை, அம்மேசைமேல் விழும் வெளிச்சம். மற்றவை இருந்தால் நன்று; இல்லாவிடினும் இரண்டு மாதம் கழியும். ஆனால் உள்ள பொருள் ஒவ்வொன்றையும், அதன் கீறல், உடைவு, கறை ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும். முன்னமே உடைந்த நாற்காலிக்கு முன்பணத்தில் பிடித்தம் செய்தார் என்னும் வழக்கு இத்தாள் ஒன்றினால் தீரும்.

ஐந்தாவது, எழுத்து. நம்மவர்க்கு வாய்ச்சொல்லில் நம்பிக்கை அதிகம், அது நற்குணமே. ஆயினும் எழுத்து, நம்பிக்கைக்குப் பகையன்று, மறதிக்கே பகை. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவு பெறவேண்டும். வேறு விதமாக உடன்பட்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக எஞ்சியதைத் திருப்பித் தரவேண்டும். விடுதியில் ஒரு படுக்கை மட்டும் பெறுவோர் இச்சட்டத்தையே நம்பியிராமல், ரசீதையும் விடுதியின் விதித்தாளையும் கையில் வாங்கிக்கொள்ளல் வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் இருமுறை படியுங்கள். பதினோரு மாதக் குடிக்கென எழுதிய பழைய படிவத்தையே இரண்டு மாதக் குடிக்கும் நீட்டுவோர் உளர். அதில், "காலி செய்ய இரண்டு மாத முன்னறிவிப்புத் தரவேண்டும்" என்று இருக்கும். இரண்டு மாதம் தங்குவோன் புகுந்த அன்றே முன்னறிவிப்புத் தரவேண்டுமாம்! தவறினால் தங்காத நாளுக்கும் வாடகை. இந்த வரியை அடித்து, புறப்படும் தேதியையே எழுதச் செய்வது அவசியம். பயிற்சி சில வாரம் நீட்டிக்கப்படின் அதே வாடகைக்கு இருக்கலாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரியைப் பற்றியும் ஒரு சொல். ஒருவர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத வாடகையில், தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமல் தங்கும் விடுதிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியினின்று 2024 ஜூலையில் விலக்களிக்கப்பட்டது. அதற்குக் குறைந்த நாள் தங்குவோரிடம் சில விடுதிகள் வரியையும் சேர்த்துக் கேட்கலாம். ஆதலால் சொல்லப்பட்ட தொகை வரி உட்பட்டதா என்று முதலிலேயே வினவுக.

இவையனைத்துக்கும் முற்பட்ட எச்சரிக்கை ஒன்று உண்டு. இணையத்தில் அழகிய படங்களைக் காட்டி, "பலர் கேட்கின்றனர், இன்றே முன்பணம் அனுப்பினால் அறை உமக்கு" என்று அவசரப்படுத்துவோர் பெருகியுள்ளனர். இராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி நம்பிக்கை ஊட்டுவாரும் அவருள் உண்டு. காணாத அறைக்குக் காசு அனுப்பலாகாது. நேரில் போக இயலாவிடின், அவ்வூரில் உள்ள உறவினரையோ நண்பரையோ அனுப்பிப் பார்க்கச் செய்யுங்கள். பணம் பெறுவதற்குக் கைப்பேசியில் இரகசிய எண்ணை இடவேண்டிய அவசியம் ஒருபோதும் இல்லை. இடச்சொல்வோர் பணத்தை எடுப்போரே. ஏமாற்றப்பட்டால் நாணிச் சும்மா இராமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். விரைந்து சொன்னால் பணத்தை இடைவழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

நிற்க. இனி, நம் ஊர்களில் வீடும் அறையும் வாடகைக்கு விடும் அன்பர்களுக்குச் சில சொல்ல வேண்டும். பெரம்பலூருக்கு இரயில் நிலையம் இல்லை. வெளிமாநிலப் பிள்ளைகள் அரியலூரில் இறங்கியோ நெடுஞ்சாலைப் பேருந்தில் வந்தோ இரவில் சேர்வர். அவர்களுக்கு முதல் நாள் ஒரு குடம் நல்ல தண்ணீரும், உணவகம் எங்கே, மருத்துவமனை எங்கே என்னும் விவரமும் சொல்வதில் நமக்கு நஷ்டமில்லை. சொன்ன வாடகையை நடுவில் ஏற்றாதிருத்தலும், முன்பணத்தைப் புறப்படும் நாளிலேயே எண்ணிக் கொடுத்தலும், நம் ஊருக்கு நற்பெயர் தரும் விளம்பரங்களாகும்.

மற்றொரு வழக்கத்தை இச்சங்கத்தின் மேடையிலேயே சொல்வது என் கடமை. அறை கேட்டு வரும் பிள்ளையிடம், "எந்த ஊர், எந்தத் தெரு, உங்கள் வீட்டில் என்ன சமையல்" என்று சுற்றிவளைத்துச் சாதியை அறிய முயல்வதும், அறிந்தபின் "அறை முன்னமே போய்விட்டது" என்று பொய் சொல்வதும் நாம் கேள்விப்படாதவையல்ல. சமூகச் சங்கங்கள் விடுதி கட்டியது ஏன்? பட்டணத்தில் நம் பிள்ளைகளுக்குக் கதவு திறப்பார் இல்லை என்னும் துயரத்தினால் அன்றோ? கதவடைப்பின் வருத்தத்தினின்று பிறந்த சங்கத்தார், தம் கதவைப் பிறர் பிள்ளைக்கு அடைக்கலாமா? நம் மகள் சென்னையில் ஒரு வாயிலில் இக்கேள்விக்கு விடை சொல்லி நிற்பதை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அப்பால், அறை கேட்டு வருவோரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றே: எங்கே பயிற்சி, எத்தனை நாள், அடையாளச் சீட்டு உண்டா? வேறொன்றும் வேண்டா.

இறுதியாகச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பெருநிதி திரட்டிப் புதுக் கட்டடம் எழுப்பும் வரையில் காத்திருத்தல் வேண்டா. நம் அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். பயிற்சிக்குச் சென்று திரும்பும் பிள்ளை ஒவ்வொருவரும், தாம் தங்கிய பகுதி, வாடகை, முன்பணம், தண்ணீர் நிலை, இரவுப் பேருந்து, முன்பணம் முழுதும் திரும்பியதா இல்லையா என்னும் ஆறு விவரங்களை அதில் எழுதட்டும். அடுத்த ஆண்டு செல்லும் பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்துச் செல்லட்டும். எச்சமூகத்துப் பிள்ளை வந்து கேட்பினும் அக்குறிப்பேட்டைக் காட்டுவோம். ஓர் ஏடும் ஓர் எழுதுகோலும் தவிர இதற்குச் செலவில்லை; பத்தாண்டு கழிந்தால், நம் இரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுவே பெருஞ்சொத்தாகும்.

பெற்றோர்களே, "இரண்டு மாதந்தானே" என்னும் சொல்லை இன்றோடு மறந்துவிடுங்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் நம் பிள்ளை முதன்முதலாகத் தன் தொழிலைக் கையால் தொடுகிறான். நம் பெண் முதன்முதலாகத் தன் சம்பாத்தியத்தின் சுவையை அறிகிறாள். அவர்கள் இரவில் கண்ணயரும் இடம் நல்லிடமாய் இருக்கச் செய்வது நம் பொறுப்பு.